ரெண்டு பேருக்கு எவ்வளவு பருப்பு?

மளிகைச் செலவைக் குறைப்பது எப்படி என்று யாரைக் கேட்டாலும் முதலில் வரும் யோசனை ஒன்றுதான்: மொத்தமாக வாங்குங்கள். மூட்டையாக எடுத்தால் கிலோவுக்கு நாலு ரூபாய் குறையும், எண்ணெயை டின்னாக எடுத்தால் லிட்டருக்குப் பத்து ரூபாய் குறையும். ஆறு பேர் சாப்பிட்ட வீட்டில் அது சரி. இப்போது எங்கள் வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். எனக்கு 66, அவருக்கு 71. மாமனார், மாமியார் காலமாகிவிட்டார்கள், மகள் திருப்பூரில், மகன் பெங்களூரில். எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான். ஆனால் அந்த வீடுகளின் மாதச் சாமான் பட்டியலைப் பார்த்தால், ஊருக்குப் போனவர்கள் எல்லாரும் ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பி வரப்போகிறார்கள் என்று தோன்றும்.

வயதானவர்கள் வீட்டில் காசு போகும் வழி, விலை அதிகமாகக் கொடுத்து வாங்குவதில் இல்லை. வாங்கியதைத் தின்று முடிக்காததில் இருக்கிறது. இதைத்தான் சொல்ல வந்தேன். மீதி எல்லாம் இதற்கு விளக்கம்.

நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். அவர் மில் வேலை. ரெண்டு பேருக்கும் வரும் பி.எஃப். பென்ஷனைச் சேர்த்தாலும் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. அந்தத் திட்டத்தில் குறைந்தபட்சம் என்று 2014-ல் வைத்த 1,000 ரூபாய் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அவருடைய செட்டில்மென்ட் பணத்தில் பத்து லட்சத்தைத் தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருக்கிறோம். 8.2 சதவீத வட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய். மாதம் என்று பார்த்தால் ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. மருந்து, கரண்ட், கேஸ், மளிகை எல்லாம் இதற்குள்தான். பிள்ளைகள் அனுப்புகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அதைத் தொடாமல் ஓட்ட முடிந்தால் ஓட்டுவோம் என்பது எங்கள் பிடிவாதம்.

பழைய நோட்டில் ஆறு பேருக்கான பட்டியல் இருக்கிறது. துவரம் பருப்பு 4 கிலோ, உளுந்து 3 கிலோ, கடலைப் பருப்பு 1, பாசிப் பருப்பு 1, புளி 1, மிளகாய் வத்தல் 1, மல்லி 1, நல்லெண்ணெய் 2 லிட்டர் என்று போகும். பிள்ளைகள் போனதும் நிறைய வீடுகளில் இதை அப்படியே பாதியாக்குவார்கள். ஆறில் இருவர் என்றால் மூன்றில் ஒன்றுதானே, பாதி எப்படி வரும்? அதோடு வயதாக ஆக வயிறும் சுருங்கிவிடுகிறது. ராத்திரி மூன்று தோசை தின்ற மனிதர் இப்போது ஒன்றரையில் எழுந்துவிடுகிறார்.

சரி, எவ்வளவுதான் ஆகிறது என்று பார்ப்பதற்கு ஒரு சின்ன வேலை செய்தேன். ஒவ்வொரு டப்பாவிலும் சாமானைக் கொட்டிய தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டினேன். டப்பா காலியாகும்போது அந்தத் தாளைக் கிழித்து நோட்டில் ஒட்டினேன். சில மாதங்களில் கணக்கு தெளிவாகிவிட்டது. துவரம் பருப்பு மாதம் ஒண்ணேகால் கிலோ. உளுந்து முக்கால் கிலோ. புளி கால் கிலோவுக்கும் குறைவு. நல்லெண்ணெய் அரை லிட்டரில் மிச்சம் விழுகிறது. ரவையும் சேமியாவும் மாதக் கணக்கிலேயே வராது. கால் கிலோ வாங்கினால் ரெண்டு மாதம் கிடக்கும். பெருங்காய டப்பாவின் தாள் நான் கிழிப்பதற்கு முன்னால் தானாகவே உதிர்ந்துவிட்டது.

இந்தக் கணக்கு கையில் இல்லாதபோது என்ன நடக்கும்? ரவையில் வண்டு. கடலை மாவில் கசப்பு. நல்லெண்ணெயில் சிக்கு வாடை. மல்லிப் பொடியைத் திறந்தால் மரத்தூள் வாசம். கொட்டவும் மனசு வராது, சாப்பிடவும் வாய் வராது. வெயிலில் காயவைத்து, சலித்து, வறுத்து, கடைசியில் வேலைக்கு வரும் பெண்ணிடம் கொடுப்பார்கள், அவள் வாங்கிக்கொண்டு போய் அவள் வீட்டில் கொட்டுவாள். கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்து வாங்கி, கால் கிலோவைக் கொட்டினால் யாருக்கு லாபம்?

அரிசி மூட்டையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் பக்கம் இப்போது மூட்டை என்றால் 26 கிலோ. முன்பு 25 கிலோவாக இருந்தது. 2022 ஜூலையில், பை போட்டு லேபிள் ஒட்டி விற்கும் அரிசி, பருப்புக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, 25 கிலோ வரைக்கும்தான் வரி, அதற்கு மேல் இல்லை. உடனே மில்காரர்கள் ஒரு கிலோவைக் கூடப் போட்டுத் தைத்துவிட்டார்கள். சட்டத்தை இவ்வளவு சுத்தமாகத் தாண்டிய வேறு எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் எங்களுக்கு அந்த 26 கிலோ மூன்று மாதம் வரும். மூன்றாவது மாதம் புழு பின்னிக்கொண்டிருக்கும். அதனால் மூட்டையே வேண்டாம் என்று வைத்துவிட்டோம். அண்ணாச்சி கடையில் பிரித்த மூட்டையிலிருந்து சில்லறையாக ஐந்து கிலோ நிறுத்து வாங்குகிறோம். லேபிள் ஒட்டாமல் நிறுத்துக் கொடுக்கும் அரிசிக்கும் வரி கிடையாது. அழகாக அச்சடித்த ஐந்து கிலோ பையில் அதே அரிசிக்கு வரியும் உண்டு, பைக்கும் காசு உண்டு.

இன்னொரு பாதி அரிசி ரேஷனில் வருகிறது. எங்கள் ஊரில் கொஞ்சம் வசதியானவர்கள் ரேஷன் அரிசியைக் கார்டுக்காக வாங்கி யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் அரிசி விலையில்லாமல் வருகிறது. சீனி கிலோ 25 ரூபாய், ஆளுக்கு அரைக் கிலோ. துவரம் பருப்பு கிலோ 30. பாமாயில் பாக்கெட் 25. வெளியே 2024-ல் துவரம் பருப்பு 170, 180 என்று நின்றது ஞாபகம் இருக்கும். அந்த விலையில் ஒரு கிலோ ரேஷன் பருப்பு 140, 150 ரூபாயை மிச்சம் பிடித்தது. எங்கள் மாதத் தேவையே ஒண்ணேகால் கிலோ என்றால், வெளியே வாங்குவது கால் கிலோதான். ரேஷன் பருப்பு வேகக் கொஞ்சம் நேரம் எடுக்கும் மாதங்கள் உண்டு. ராத்திரியே ஊறவைத்துவிட்டால் கேஸும் மிச்சம்.

புழுங்கலரிசி இட்லிக்கு அருமையாக வரும். சோற்றுக்குப் பிடிக்காதவர்கள்கூட இதை மறுக்க மாட்டார்கள். நாலு பங்கு ரேஷன் புழுங்கலுக்கு ஒரு பங்கு உளுந்து. 800 கிராம் அரிசிக்கு 200 கிராம் உளுந்து போட்டு அரைத்தால் ரெண்டு கிலோவுக்கு மேல் மாவு காணும். உளுந்துக்கு முப்பது ரூபாய், கரண்டுக்கு ரெண்டு ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஒரு கிலோ மாவு பாக்கெட்டே அதைத் தாண்டிவிடும். ஆனால் ஒரு விஷயம்: பழைய கிரைண்டரில் கல்லைத் தூக்கிக் கழுவ வேண்டும். இடுப்பு பிடித்துக்கொண்டால் டாக்டருக்குக் கொடுக்கும் காசில் ஒரு வருஷத்துக்கு மாவு வாங்கலாம். சாய்த்துக் கொட்டும் கிரைண்டர் வைத்திருப்பவர்கள் அரைக்கட்டும். இல்லாதவர்கள் பாக்கெட் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரேஷன் அரிசியில் வெள்ளை வெளேரென்று, தண்ணீரில் மிதக்கும் சில மணிகள் வரும். பிளாஸ்டிக் அரிசி என்று ஒரு புரளி, இன்னும் ஓய்ந்தபாடில்லை. கழுவும்போது பொறுக்கி எறிபவர்களை நானே பார்த்திருக்கிறேன். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மறுபடி அரிசி வடிவில் செய்தது. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் கலந்தது. ரத்தம் குறைவு என்று மாத்திரை விழுங்கும் பாட்டிகள் இதைப் பொறுக்கி எறிவது எனக்குப் பொறுக்காது.

ரேஷனுக்குப் போகும் கஷ்டம் வேறு கதை. விரல் ரேகை தேய்ந்துபோய் மெஷின் எடுக்காது. எங்கள் கடையில் இருக்கும் பெண், "அம்மா, கையை நல்லா துடைச்சுட்டு வைங்க" என்று சொல்லும்போது பின்னால் வரிசை முணுமுணுக்கும். இப்போது பல கடைகளில் கருவிழி பார்க்கும் கருவி வந்துவிட்டது, அதில் சட்டென்று முடிகிறது. கடைக்கு வரவே முடியாதவர்கள் வேறு ஒருவரை அனுப்ப ஒரு அங்கீகாரப் படிவம் இருக்கிறது. கேட்டால் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் என்று தொடங்கி, முதலில் 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சாமானை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கள் எதிர் வீட்டு அக்காவுக்கு 76 வயது, தனியாக இருக்கிறார். அவர் வீட்டு வாசலில் வண்டியே வந்து நின்றதும் முதலில் நம்பவில்லை, "இதுக்கு எவ்வளவு கொடுக்கணும்?" என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

காய்கறிக்கு எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில்தான் திறந்தார்கள், 1999 நவம்பர் 14-ல். விவசாயி அடையாள அட்டையோடு வந்து தானே விற்கிறார், தராசு சந்தையே கொடுக்கிறது, அன்றைய விலை காலையில் பலகையில் ஏறிவிடுகிறது. மொத்த விலைக்கு மேலே, சில்லறை விலைக்குக் கீழே என்று விலை வைக்கிறார்கள். தள்ளுவண்டியில் கேட்டுவிட்டு இங்கே வந்தால் வித்தியாசம் தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது, கால் கிலோ கேட்டால் யாரும் முகத்தைச் சுளிப்பதில்லை. நூறு கிராம் பச்சை மிளகாய், ரெண்டே ரெண்டு வாழைக்காய், பாதிப் பூசணிக்கீற்று. ரெண்டு பேருக்கு இதுதானே வேண்டும். கடைசியில் ஒரு கொத்து மல்லித்தழையும் கருவேப்பிலையும் கொசுறாக விழும். போனில் ஆர்டர் போடும் கடைகளில் அந்தக் கருவேப்பிலைக்கும் தனியாக விலை போட்டிருப்பதைப் பார்த்து அவர் ஒரு நாள் முழுவதும் புலம்பினார்.

காலை ஏழு மணிக்குப் போனால் நல்ல காய், பலகை விலை. பதினோரு மணிக்கு மேல் போனால் வாடல், ஆனால் மூட்டை கட்டப்போகிறவர்கள் பேரத்துக்கு இறங்குவார்கள். அன்றைக்கே சமைப்பதாக இருந்தால் வாடல் ஒன்றும் பாவமில்லை. சாயங்காலம் ரோட்டோரத்தில் கூறு கட்டி விற்பதை மட்டும் நாங்கள் வாங்குவதில்லை. கூறு இருபது ரூபாய் என்றால் மலிவுதான். ஒரு கிலோ கத்தரிக்காயை ரெண்டு பேர் எத்தனை நாள் தின்பது?

இன்னொன்று, டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதனால் எங்கள் வீட்டில் சந்தைக்குப் போகும் வேலை அவரிடமிருந்து என் கைக்கு வந்துவிட்டது. அவர் போனால் போக வர டிக்கெட், நடுவில் ஒரு டீ, ஒரு வடை. நான் போனால் காய் மட்டும்தான் செலவு. இதைச் சொல்லிக்காட்டினால் கோபம் வரும்.

தூக்கும் பாரம் இந்த வயதில் ஒரு செலவு. யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கீழமாசி வீதியில் மொத்தக் கடைகளில் வத்தல், மல்லி, பருப்பு எல்லாம் எங்கள் தெருக் கடையைவிடக் குறைவுதான். அதற்காக ரெண்டு கையிலும் ஐந்தைந்து கிலோ தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியுமா? ஆட்டோ பிடித்தால் மிச்சம் பிடித்தது ஆட்டோவுக்குப் போய்விடும். மாதா மாதம் அங்கே ஓடுவதில் அர்த்தமே இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் போகிறோம். அதற்குக் காரணம் இருக்கிறது.

மாசி, பங்குனியில் புதுப் புளி வரும், புது வத்தல் வரும். அந்தச் சமயத்தில் விலையும் இறங்கும், சரக்கும் நன்றாக இருக்கும். புளியும் வத்தலும் கெடுகிற சாமான் இல்லை. வெயிலில் காயவைத்து, புளியில் கொட்டை எடுத்து, கல் உப்புப் போட்டு ஜாடியில் அமுக்கி வைத்தால் அடுத்த வருஷம் வரை நிற்கும். மொத்தமாக வாங்குவது எங்களுக்குப் பலிக்கும் ஒரே இடம் இதுதான். ஆனாலும் தனியாக இல்லை, மூன்று வீடாகச் சேர்ந்து. நாங்கள், எதிர் வீட்டு அக்கா, பின் தெருவில் ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மா. ஒரு ஆட்டோ, மூன்று பங்கு. சாம்பார்ப் பொடிக்கு வறுப்பதும் மூன்று வீட்டுக்கும் சேர்த்துத்தான். அரைக் கிலோவைத் தனியாக மில்லுக்குக் கொண்டுபோனால் மில்காரர் நம்மைப் பார்க்கும் பார்வையே சரியிருக்காது. அதோடு முன்னால் யாரோ அரைத்த கேப்பையும் நம் பொடியோடு வந்து சேரும். மூன்று கிலோவாகக் கொண்டுபோனால் மரியாதையாக அரைத்துத் தருகிறார். பிரித்த பொடியில் ஒரு மாதத்துக்கானதை வெளியே வைத்துக்கொண்டு மீதியை ஃபிரிட்ஜில் வைத்தால் வாசம் போகாது.

காய்கறியிலும் காலத்தைப் பார்த்துத்தான் சமைக்க வேண்டியிருக்கிறது. முருங்கைக்காய் மார்கழி, தை மாதத்தில் கிட்டப் போக முடியாது. பங்குனி, சித்திரையில் தெருத்தெருவாகக் கூவி விற்பார்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது அரசே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு வைத்து விற்றது. அந்த மாதம் எங்கள் வீட்டில் தக்காளி வாங்கவே இல்லை. மோர்க்குழம்பு, வத்தக்குழம்பு, புளி ரசம், சீனியவரங்காய்ப் பருப்பு உசிலி. நம் சமையலில் தக்காளி பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளிதான், அது இல்லாமல் ஒரு மாதம் ஓட்டத் தெரியாதவர்கள் பாட்டியிடம் கேட்டுக்கொள்ளலாம். மீனும் அப்படித்தான். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த ரெண்டு மாதமும் விலை மேலே நிற்கும். மற்ற நாளில் மத்தி மீனைப் போல மலிவும் சத்தும் வேறு எதிலும் இல்லை. முள் எடுக்கக் கண்ணாடி வேண்டும், அவ்வளவுதான்.

சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவதில் எனக்குத் தகராறு இல்லை. ஏ.சி. இருக்கிறது, உட்கார நாற்காலி கேட்டால் போடுகிறார்கள். ஆனால் எண்ணெய் அலமாரி முன்னால் நின்றால் கொஞ்சம் கணக்குத் தெரிய வேண்டும். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். பக்கத்திலேயே அதே உயரத்தில் 850 கிராம் பாக்கெட் நிற்கும். லிட்டர் 150 ரூபாய், இது 145 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ரூபாய் லாபம் என்று கை தானாகப் போகும். நூறு கிராமுக்கு வகுத்துப் பார்த்தால் லிட்டர் பாக்கெட் பதினாறரை ரூபாய், மற்றது பதினேழு. முன்பு எண்ணெய், பருப்பு, பிஸ்கட்டுக்கெல்லாம் இன்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று விதி இருந்தது. அதை எடுத்துவிட்டு, ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்று பாக்கெட்டிலேயே அச்சடிக்கச் சொல்லிவிட்டார்கள். அச்சடிக்கிறார்கள், எறும்பு எழுத்தில். நான் போன் கேமராவில் பெரிதாக்கிப் படிக்கிறேன். பில் போடும் பையன்கள், பாட்டி போட்டோ எடுக்கிறார் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதை ரெண்டு பேர் இருக்கும் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிடலாம். குளியல் சோப்பு, டூத்பேஸ்ட் என்றால் வாங்கலாம், கெடாது. அதற்கெல்லாம் 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யும் 18-லிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது, பழைய விலையைப் போட்டிருந்தால் கேளுங்கள். மகன் பெங்களூரிலிருந்து போனிலேயே எங்கள் வீட்டுக்கு ஆர்டர் போடுவான். டெலிவரி இலவசமாக வேண்டும் என்றால் இவ்வளவுக்கு வாங்கியாக வேண்டும் என்று வருமாம், அந்தத் தொகையை நிரப்ப ரெண்டு பாக்கெட் நூடுல்ஸ், ஒரு ஜாம் என்று சேர்ந்து வரும். "யாருப்பா இதைத் திங்கிறது?" என்று கேட்டால், "இருக்கட்டும்மா, யாராவது வந்தா ஆகும்" என்பான். யாராவது என்றால் அவன்தான். அவன் வருவது தீபாவளிக்கு.

இதுவரை எதில் குறைக்கலாம் என்று சொன்னேன். எதில் குறைக்கக் கூடாது என்பதில்தான் எனக்கு அதிகக் கவலை. எதிர் வீட்டு அக்காவுக்கு முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். 2023-க்கு முன்னால் ஆயிரம். அவருடைய சிக்கனம் என்பது அடுப்பைப் பற்றவைக்காமல் இருப்பது. காலையில் ஆக்கிய சோறு, மோர், ஊறுகாய். ராத்திரிக்கும் அதே. கேட்டால், "எனக்கு ஒருத்திக்கு எதுக்குக் குழம்பு?" என்பார். செலவே இல்லை. ஆனால் எழுந்து நிற்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தனியாக இருக்கும் வயதானவர்கள் பலர் இப்படித்தான் மிச்சம் பிடிக்கிறார்கள், பருப்பை நிறுத்தி, முட்டையை நிறுத்தி, பாலில் தண்ணீரைக் கூட்டி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 கணக்குப்படி உடம்பு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 55 கிலோ இருக்கும் பெண்ணுக்கு 46 கிராம் சுமாருக்கு. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. நூறு கிராம் துவரம் பருப்பிலோ பொரிகடலையிலோ 22 கிராம் அளவில், நிலக்கடலையில் 25. இந்தக் கணக்கில் பார்த்தால் ஏழு ரூபாய் முட்டை ஒன்றும் ஆடம்பரம் இல்லை. விளம்பரத்தைப் பார்த்து வாங்கும் சத்துமாவு டப்பாவுக்குப் பதில் பத்து ரூபாய்க்குப் பொரிகடலை வாங்கித் தேங்காய்ச் சட்னியில் பாதிக்குப் பாதி போடலாம். பல் இல்லாதவர்களுக்கும் போகும். நிலக்கடலையை வறுத்துப் பொடித்து வைத்தால் சோற்றில் பிசைந்து சாப்பிடலாம். பாலில் ஆவின் நீலப் பாக்கெட்டில் 3 சதவீதக் கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. அவருக்குக் கொழுப்பு கூடாது என்று சொல்லியிருப்பதால் நீலம். அதுதான் விலையும் குறைவு. மாத அட்டை போட்டால் இன்னும் கொஞ்சம் குறையும்.

இப்போது அக்காவுக்கும் எங்களுக்கும் ஒரு ஏற்பாடு. திங்கள், வியாழன் சாம்பார் எங்கள் வீட்டில் வைத்தால் ஒரு கிண்ணம் அங்கே போகும். செவ்வாய், வெள்ளி அவர் கீரையோ பயறோ கடைந்து ஒரு கிண்ணம் இங்கே வரும். பருப்பு அவரவர் ரேஷன் பருப்பு. மூன்று பேருக்குக் குழம்பு வைப்பது ரெண்டு பேருக்கு வைப்பதைவிடச் சுலபம், இதைச் சமைக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் இதைத் தர்மமாக எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்பதால், அவர் கீரை கொண்டுவரும் நாளில் என் வீட்டுக்காரரை வீட்டில் ஒன்றும் சமைக்கவில்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். உடம்புக்கு முடியாத நாளில் அக்கா அம்மா உணவகத்தில் ஆள் விட்டு வாங்கிக்கொள்வார். இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். சாப்பிடாமல் படுப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

இத்தனை கணக்கும் போட்ட பிறகு எங்கள் வீட்டில் மளிகையும் காயும் சேர்த்து முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. அப்படி மிச்சமானதில் ஒரு பங்கு பழத்துக்குப் போகிறது. கொய்யாவும் வாழைப்பழமும்தான், ஆப்பிள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்கள் வாங்கிவரும் பழம், நாமாக வாங்க வேண்டியதில்லை.

காப்பித்தூளில் மட்டும் கை வைக்கவில்லை. 2024-லிருந்து கொட்டை விலை ஏறிக்கொண்டே போனது, கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி விலை சொல்வார். அரைக் கிலோவாக வாங்கினால் கடைசிக் கால் கிலோவில் வாசமே இருக்காது. அதனால் வாராவாரம் நூறு கிராம், கண் முன்னால் அரைத்து. சிக்கரி முப்பது சதவீதம் போட்டால் செலவு குறையும் என்கிறார் என் வீட்டுக்காரர். இருபதுக்கு மேல் ஒரு சதவீதம் கூடினாலும் டம்ளரைத் தொட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்தப் பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.